மூணு வரும், ரெண்டு வராது

எங்கள் தொழிலில் அடுத்த வருஷம் ஆடி மாதத்திலேயே வந்துவிடும். ஊருக்கெல்லாம் ஜனவரியில் பிறக்கிற வருஷத்தை நாங்கள் ஆடிப்பெருக்கன்று சாமி முன்னால் வைத்து, சந்தனம் குங்குமம் தொட்டு, சூடம் காட்டி வெளியே எடுப்போம். புதுக் காலண்டர் ஆல்பத்தை வியாபாரிகள் பார்ப்பது அன்றைக்குத்தான். அதன் பிறகு ஆர்டர் மேல் ஆர்டராக வந்து, மார்கழி முடிகிறவரை எங்கள் குடித்தனம் அடுத்த வருஷத்தில் நடக்கும்.

திருத்தங்கலில் ஒரு பிரஸ்ஸில் தினசரி காலண்டர் தைக்கிற பகுதியைப் பார்த்துக்கொள்கிறேன். நாள்தாள்களை வரிசையாக அடுக்கி, தலைப்பில் தகரப் பட்டை வைத்து அடித்து, அட்டையில் ஏற்றும் வேலை. சீசனில் எங்கள் ஆட்களிடம் "வர்ற வெள்ளிக்கிழமை என்ன தேதி?" என்று தெருவில் யாரும் கேட்கக் கூடாது. யோசிக்காமல் ஒரு தேதி சொல்வார்கள், அது அடுத்த வருஷத்துத் தேதியாக இருக்கும். இப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணத்துக்கு முந்தின நாளே மொய்க் கவரோடு போய் நின்றேன். மண்டபத்தில் வேறு யாருக்கோ கல்யாணம் நடந்துகொண்டிருந்தது. வந்ததுக்குச் சாப்பிட்டுவிட்டுத்தான் திரும்பினேன்.

இந்த வேலையினாலோ என்னவோ எனக்கு எதற்கெடுத்தாலும் ஒரு தேதி வேண்டும். இன்ன மாதத்துக்குள் இது முடியும், இன்ன பண்டிகைக்குள் அது சரியாகும் என்று குறித்துவைத்துக்கொண்டு நம்புகிறவன் நான். குறித்த தேதி பொய்த்துவிட்டால் எனக்கு வருகிற கோபம் கொஞ்சநஞ்சமல்ல. என் மனைவி அப்படி இல்லை. அவள் எப்படிப்பட்டவள் என்று இத்தனை வருஷம் கூடவே இருந்த எனக்கே சரியாகத் தெரியாமல் இருந்தது. அவள் வலது கை வெந்த பிறகுதான் தெரிந்தது.

அவள் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிக்குத் திரி ஏற்றும் வேலை பார்த்தாள். எதிரும் புதிருமாக உட்கார்ந்து செய்கிற வேலை. அவளுக்கு எதிரே உட்காருகிற பெண்ணும் அவளும் மதியச் சோற்றைப் பங்குபோட்டுத் தின்கிற சிநேகம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் அந்தச் சிநேகிதியின் வீட்டுக் கதைதான் எங்கள் வீட்டிலும் ராத்திரிச் சோற்றுக்குத் தொடுகறி.

எங்கள் பக்கத்தில் பெரிய சத்தம் கேட்டால் யாரும் காதைப் பொத்திக்கொள்வதில்லை. வெளியே வந்து வானத்தைப் பார்ப்பார்கள், புகை எந்தப் பக்கம் என்று. அது சித்திரை மாதம், நல்ல கோடை. நானும் பிரஸ்ஸை விட்டு வெளியே வந்து பார்த்தேன். புகை அவள் கம்பெனிப் பக்கம். உள்ளே போன் கொண்டுபோக விடமாட்டார்கள் என்பதால் கூப்பிட்டுக் கேட்கவும் வழியில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். கேட்டுக்கு வெளியே எனக்கு முன்னாலேயே கூட்டம். அதில் ஒருத்தர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "உங்க வீட்டம்மா நடந்துதான் ஆம்புலன்ஸ்ல ஏறுனாக, பயப்படாதீக" என்றார். நடந்து ஏறினாள் என்ற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் மதுரைவரை போனேன்.

ஆஸ்பத்திரியில் அவள் முகத்தைப் பார்த்தால் ஒரு பொட்டுக் காயம் இல்லை. பக்கத்து அறையில் தீ எழும்பினதும் வலது கையை முகத்துக்குக் குறுக்கே வைத்துக்கொண்டு ஓடியிருக்கிறாள். முகம் வாங்க வேண்டியதைப் புறங்கை வாங்கிக்கொண்டது. உள்ளங்கை அப்படியே இருந்தது, ரேகைகூட அழியாமல். யோசித்துச் செய்ததா என்று பிறகு ஒருநாள் கேட்டேன். "யோசிக்க எங்க நேரம்? கை தானாப் போச்சு" என்றாள்.

கண் விழித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "அவ எங்க?" என்பதுதான். எதிரே உட்காருகிறவளைக் கேட்கிறாள். "பக்கத்து வார்டுல இருக்கா, நல்லாத்தான் இருக்கா" என்றேன். அவள் என்னையே பார்த்தாள். மறுநாள் மறுபடி கேட்டாள். நான் அதையே சொன்னேன். "நீங்க பொய் சொன்னா மூக்கு நுனி வேர்க்கும்" என்றாள். "இப்ப வேர்க்குது. சொல்லுங்க."

சொல்லிவிட்டேன். அந்தப் பெண் வீடு திரும்பவில்லை. என் மனைவி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு அன்று முழுக்க அழுதாள். தண்ணீர்கூட வாங்கிக்கொள்ளவில்லை. அடுத்த நாள் காலையில் அவளாகவே, "இட்லி இருந்தா வாங்கிட்டு வாங்க" என்றாள். நான் ஊட்டிவிடும்போது சொன்னாள், "இனிமே எனக்கு எதையும் மறைக்காதீக. தெரிஞ்சுட்டா தாங்கிக்கிடுவேன். தெரியாம இருந்த ரெண்டு நாளுதான் தாங்க முடியல." அவள் வாயைத் திறந்து அடுத்த விள்ளலுக்குக் காத்திருந்தாள்.

தொடையிலிருந்து தோலை எடுத்துப் புறங்கையில் வைத்துத் தைத்தார்கள். கட்டுப் பிரிக்கும்போதெல்லாம் நான் எட்டிப் பார்ப்பேன். ஓர் இடத்துத் தோல் இன்னோர் இடத்தில் ஒட்டி உயிர் பிடிப்பதைப் பார்ப்பது சாதாரணக் காரியமில்லை. வெட்டி நட்ட முருங்கைக் கொம்பு தளிர்க்கிற மாதிரி, முதலில் செத்த நிறத்தில் கிடந்தது, பிறகு ஓர் ஓரத்தில் சிவந்தது, பிறகு அது அவள் கையாகிவிட்டது. நான் கோயிலில்கூட அப்படிக் கைகூப்பி நின்றதில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் விடாமல் பயிற்சி செய்தால் வரும். மோதிர விரலும் சுண்டு விரலும் வராது, மடங்கினபடியேதான் இருக்கும். பயிற்சியை விட்டால் தழும்பு இறுகி அந்த மூன்றும் போய்விடும். நான் இடையில் புகுந்து, "அது ரெண்டும்கூட ஒரு வருஷத்துல வந்துரும்ல சார்?" என்று கேட்டேன். அவர் வாயைத் திறப்பதற்குள் அவள், "அவரு வராதுன்னுதான சொல்றாரு" என்றாள்.

வீட்டுக்கு வந்தால் விசாரிக்க வருகிற கூட்டம். ஹார்லிக்ஸ் பாட்டில், ஆப்பிள், சாத்தூர் காராச்சேவு. வந்தவர்களில் ஒரு பாதி, "எல்லாம் பழையபடி ஆயிரும், கவலப்படாத" என்பார்கள். மறு பாதி, "ஐயோ, எப்பிடி இருந்த கை" என்று மூக்கைச் சிந்துவார்கள். முதல் வகைக்குத் தலைவர் நான், இரண்டாம் வகைக்கு ஆமத்தூரிலிருந்து துணைக்கு வந்து தங்கியிருந்த என் மாமியார். இரண்டு கோஷ்டிக்கும் என் மனைவி ஒரே பதிலை வைத்திருந்தாள். கையைத் தூக்கிக் காட்டி, "மூணு வரும், ரெண்டு வராது" என்பாள். கடைக்காரர் இருக்கிற சரக்கைச் சொல்வது மாதிரி சொல்வாள். கேட்டவர்களுக்கு மேற்கொண்டு சிரிக்கவும் தோன்றாது, அழவும் தோன்றாது. காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து போவார்கள்.

அவளுக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. தன் வலது கையால் சோற்றைப் பிசைந்து தானே அள்ளித் தின்ன வேண்டும். பழைய வேலைக்கு இந்தக் கை உதவாது என்பதை அவளே முதலில் சொல்லிவிட்டாள். திரி ஏற்ற ஐந்து விரலும் ஓட வேண்டும். கோலத்தைப் பற்றியும் பூக் கட்டுவதைப் பற்றியும் பேச்சே எடுக்கவில்லை. சோறு மட்டும் வேண்டும். இடது கையால் கரண்டி பிடித்துத் தின்று பார்த்தாள். இடது கையால் சோற்றைத் தொட்டறியாத உடம்பு. "கரண்டிச் சோறு வயித்துக்குப் போகுது, மனசுக்குப் போகல" என்று தள்ளிவைத்துவிட்டாள். மாமியார் ஊட்டப் போனால் இரண்டாவது வாயிலேயே அழத் தொடங்கிவிடுவார். "எம்மா, நீ அழுதுக்கிட்டே ஊட்டுனா சோறு உப்புக் கரிக்கி" என்று அவரையும் நிறுத்திவிட்டாள். அதனால் ஊட்டுகிற வேலை என்னுடையது. பிரஸ்ஸுக்குப் போகுமுன் ஒருதடவை, மதியம் ஓடிவந்து ஒருதடவை, ராத்திரி ஒருதடவை. அடுப்படியும் மெல்ல என் கைக்கு வந்துவிட்டது, ஏனென்றால் விதைப்பு நேரத்தில் மாமியாருக்குக் காட்டைப் பார்க்கப் போகவேண்டியிருந்தது. மானாவாரிக் காடு, மழை பெய்தால் ஆள் நிற்க வேண்டும்.

பயிற்சிக்கு விருதுநகர் ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் கூட்டிப்போவேன். அங்கே பயிற்சி தருகிற பெண் சிறு வயதுக்காரி, கறாரானவள். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தொட வேண்டும், அதுதான் பாடம். முதலில் பஞ்சு உருண்டை, பிறகு துணி மாட்டுகிற கிளிப், பிறகு துவரம்பருப்பு. "மெல்லிசான பேப்பர் ஒண்ணைத் தனியாப் பிடிச்சுட்டா, சோறு தன்னால வந்துரும்" என்றாள் அந்தப் பெண்.

மெல்லிசான பேப்பருக்கா எங்களிடம் பஞ்சம்? சிவப்பு மை தள்ளி விழுந்த கட்டுகள் பிரஸ்ஸில் வேஸ்ட்டாகக் குவிந்து கிடக்கும். ஞாயிற்றுக்கிழமையின் சிவப்பு எட்டிப்போய் சனிக்கிழமைமேல் படிந்திருக்கும். அதில் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, அவள் உட்காருகிற இடத்துக்கு நேராக ஜன்னல் கம்பியில் கட்டினேன். அடுத்த வருஷத்துக் காலண்டர்.

இதில் ஒரு சங்கதி இருக்கிறது. காலண்டர் வேலை பார்க்கிற நாங்கள் வராத நாளைக் கிழிக்கமாட்டோம். எந்தச் சாஸ்திரத்திலும் எழுதியிருப்பதாகத் தெரியவில்லை, ஆனால் எங்கள் ஆட்களுக்குக் கை கூசும். வேஸ்ட்டுக் கட்டைக்கூடப் பின்பக்கமாகத்தான் கணக்கு எழுத எடுப்போமே தவிர, முன்தாளைக் கிழிப்பதில்லை. ஆபத்திலிருந்து தப்பி வந்த மனைவிக்கு அதைக் கொண்டுவந்து கட்டியபோது எனக்கு அந்த நினைப்பே வரவில்லை. அவள் முதல் தாளில் கையை வைத்ததும்தான் அது உறைத்தது.

ஊரிலிருந்து திரும்பி வந்த மாமியார் அதைப் பார்த்துப் பதறிப்போனார். "ஏத்தா, வராத நாளையா கிழிக்கிற? விடுத்தா, வேண்டாம்! மாப்ளே, நீங்களாவது சொல்லப்படாதா?"

என் மனைவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வந்த நாளு என்னையக் கிழிச்சிருச்சுல்லம்மா. வராத நாள நான் கொஞ்சம் கிழிச்சுக்கிடுறேன்" என்றாள்.

எனக்கு அன்றைக்கு அவளைப் பார்க்கவே கொஞ்சம் பயமாக இருந்தது, நல்ல பயம், பெரிய மலையைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தால் வருமே, அது.

ஆனால் தாள் கிழிய வேண்டுமே! அவள் விரல்கள் பிடித்தால் ஒன்றாக வராது. கொத்தாகத்தான் வரும். தை மாதத்தில் பாதி ஒரே இழுப்பில் போகும். "பொங்கலு மாட்டுப்பொங்கலு எல்லாம் சேர்ந்து வந்திருச்சு" என்று சிரிப்பாள். ஒரு கட்டு சில நாளில் தீர்ந்துவிடும், நான் இன்னொன்று கொண்டுவருவேன். அப்படி எத்தனை தடவை அடுத்த வருஷத்தை முடித்தாள் என்று நான் எண்ணவில்லை. நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சர்ர் என்று தாள் கிழிகிற சத்தம் கேட்கும். தரையில் நல்ல நேரமும் ராகு காலமும் பறந்துகொண்டிருக்கும்.

என்னால் சும்மா இருக்க முடியுமா? தேதி வைத்தேன். "தீபாவளிக்குப் பெரிய வாழை இலை போடுறேன். உன் கையாலதான் சாப்பிடுறே, பாரு" என்று அவளிடம் சொன்னேன், பிரஸ்ஸில் சொன்னேன், பஸ் கண்டக்டரிடமும் சொன்னேன். அவள் அடுத்த கொத்தைக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தழும்பு வெடித்து ரத்தம் வந்தது. ஆறுகிறவரை கையை அசைக்கக் கூடாது என்றுவிட்டார்கள். பண்டிகையன்று இலையை வாங்கிவந்து வைத்துக்கொண்டு அவள் கைக் கட்டைப் பார்த்தேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் இலையைச் சுருட்டி மூலையில் எறிந்தேன். கை மறுபடி இறுகிக் கல்லாகிவிட்டால் என்ன செய்வது, அத்தனையும் வீணா என்று கத்தினேன். நான் கத்தி முடிக்கும்வரை அவள் பொறுத்திருந்தாள்.

"நீங்க காலண்டர்காரரு. எல்லாத்துக்கும் ஒரு தேதி வேணும் உங்களுக்கு" என்றாள். "கை வரும்னு நான் நம்புறேன். என்னைக்குன்னு நம்பல. நீங்க நாள் வைக்காம நம்பிப் பாருங்க."

அப்படியும் நம்பலாம் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

அன்று சாயங்காலம் ஊர் முழுக்க வெடி. ஒவ்வொரு சத்தத்துக்கும் நான் பல்லைக் கடித்தேன், கதவைச் சாத்தப் போனேன். அவள் "சாத்தாதீக" என்று சொல்லிவிட்டு, நாற்காலியை வாசலில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒரு வாணம் மேலே போய்ப் பச்சையும் சிவப்புமாகக் கொட்டியது. பிள்ளைகள் மாதிரி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். "அழகாத்தான இருக்கு" என்றாள். எப்படி அவளால் முடிந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, பக்கத்துத் தெருவில் சரவெடி ஓயாமல் வெடித்தபோது, மெதுவாகச் சொன்னாள், "சித்திரைக்கு முன்னால ஏத்துன திரியெல்லாம் இப்பத்தான வெடிக்கும். அவ ஏத்துனதும் இதுல எங்கனயோ இருக்கும். என் கை நல்லா இருந்தப்ப நான் ஏத்துனதும்."

சரம் வெடித்து முடிகிறவரை அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, துடைக்கவும் இல்லை, வானத்திலிருந்து கண்ணை எடுக்கவும் இல்லை.

புண் ஆறியதும் மறுபடி பஞ்சு உருண்டையிலிருந்து தொடங்கினாள். மறுபடி கிளிப், மறுபடி பருப்பு. அடைமழைக் காலம் வந்தது, காலண்டர் லோடு ஏற்றுகிற நெருக்கடியில் எனக்கு மூச்சுவிட நேரமில்லை. இருந்தும் மதியம் ஓடிவந்துவிடுவேன். தேதி மட்டும் வைக்கவில்லை. வாய்வரை வரும், விழுங்கிக்கொள்வேன். நம்புங்கள், அது எனக்குச் சுலபமாக இருக்கவில்லை.

மார்கழியில் ஒருநாள் மதியம். விசேஷம் ஒன்றுமில்லாத நாள், சிவப்பு எழுத்தும் கிடையாது. நான் வீட்டுக்குள் நுழைகிறேன், கிழிகிற சத்தம் கேட்கவில்லை. உள்ளே போனால், வேஸ்ட்டுக் கட்டுக்கு முன்னால் இல்லை அவள். சமையல் அறைச் சுவரில் மாட்டியிருந்த இந்த வருஷத்துக் காலண்டர் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். நேற்றைய தாள் அதில் இன்னும் இருந்தது. காலையில் அதைக் கிழிப்பது என் வேலை, அவசரத்தில் மறந்துபோயிருக்கிறேன்.

கையைத் தூக்கினாள். மடங்கின இரண்டு விரலும் உள்ளங்கையோடு ஒட்டிக்கிடந்தன. மற்ற மூன்றும் தாளின் கீழ் நுனிக்கு மெல்ல வந்தன. ஆள்காட்டி விரல் பின்னால் போயிற்று, கட்டை விரல் முன்னால் வந்தது. நடுங்கியது. தாள் கொஞ்சம் சுருண்டது, இரண்டு தாளாகத் தூக்கியது. விட்டாள். மறுபடி பிடித்தாள். நான் சமையல் அறை வாசலிலேயே நின்றுவிட்டேன். சர்ர் என்ற சத்தம்கூட இல்லை, பட் என்று சின்னதாக ஒரு சத்தம். ஒரே ஒரு தாள் அவள் விரல்களுக்கு நடுவில் ஆடியது. நேற்று மட்டும் வந்திருந்தது, இன்று அலுங்காமல் சுவரில் இருந்தது.

லட்சக்கணக்கில் நாள்தாள்களைப் பார்த்தவன் நான். அன்றைக்குத்தான் ஒரு நாள் என்பது எத்தனை மெல்லிசு என்று பார்த்தேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். சந்தோஷத்தில் குதிப்பாள் என்று நினைத்தேன். "சோறு இருக்கா?" என்றாள்.

காலையில் நான் வைத்த ரசமும் அவரைக்காய்ப் பொரியலும் இருந்தன. தட்டில் போட்டு முன்னால் வைத்தேன். ஊட்டப் போன என் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டது பெரும்பாடு. மூன்று விரலால் பிசைந்தாள். பாதிப் பருக்கை தட்டுக்கு வெளியே சிந்தியது. முதல் வாய் உதட்டில் இடித்துக் கீழே விழுந்தது. இரண்டாவது வாய் உள்ளே போயிற்று. கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். அன்றைக்கு ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் அடுப்படி வாசலில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார், நல்லவேளையாகச் சத்தம் போடவில்லை. எனக்குக் கண்ணை மறைத்தது.

மென்று விழுங்கிவிட்டு அவள் சொன்னாள், "உப்பு இல்ல."

"என்னது?"

"உங்க சமையல்ல உப்பே இருக்காது. இன்னைக்கு மட்டுமில்ல, மொத நாளுலருந்தே."

"அட, இம்புட்டு நாளும் சொல்லாம ஏன் இருந்தே?" எனக்குக் கோபம்கூட வந்துவிட்டது.

"ஊட்டிவிடுற கையக் குறை சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். இப்ப என் கையாலத் திங்கிறேன். சொல்லலாம்ல?"

உப்புச் சாடியை எடுத்துவந்து, கரண்டியைத் தேடினேன். "அங்கனயே வைங்க, நானே போட்டுக்கிடுறேன்" என்றாள். மடங்கின இரண்டு விரல் ஒதுங்கிக்கொள்ள, மற்ற மூன்றும் சாடிக்குள் போய் ஒரு சிட்டிகை உப்பை எடுத்துக்கொண்டு வந்தன. ஒரு கல்கூடச் சிந்தவில்லை. அதைத் தன் சோற்றில் தூவினாள். பிறகு மறுபடி கையை விட்டு இன்னொரு சிட்டிகை எடுத்து, "உங்களுக்கும் வேணும்ல, தட்ட எடுத்துட்டு வந்து உக்காருங்க" என்றாள்.